72 வீடுகளுக்கும் விளக்கேற்றியவர்



கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டக் கோவிலொன்றில் ஆர்மோனியம் வாசிக்கும் பிள்ளையிடம், எத்தனை இராகங்களில் வாசிக்கத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தெரியும் என்பான். பழகிய கட்டைகளின் மேல்தான் விரல் ஓடும். மற்றவை தூசி படிந்து கிடக்கும். அப்படி யாரும் தொடாமல் கிடந்த இராகங்களையும் பாட வைத்த ஒருவரின் வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம். அவர் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர்.

1775-ஆம் ஆண்டு திருவாரூரில் அவர் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதரும் பெரிய இசைப்புலவர். 108 இராகங்களையும் 108 தாளங்களையும் ஒரே பாமாலையாகத் தொடுத்தவர். சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வர் ஆதரவு தரவே, குடும்பம் அங்கே குடியேறியது. அக்காலத்தில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழு இருந்தது. இளைஞர் முத்துசுவாமி அதைக் கேட்டார். அந்நிய இசை என்று முகம் சுளிக்கவில்லை. அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் பாட்டுக் கட்டினார். ஏறக்குறைய 40 பாடல்கள். அவற்றுள் ஒன்று ஆங்கிலேய அரச கீதத்தின் மெட்டு! அவருடைய தம்பி பாலுசுவாமியோ வெள்ளைக்காரரின் பிடிலையே கற்றுக்கொண்டு நம் இசையை அதில் வாசித்தார். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி ஏது?

பின்னர் சிதம்பரநாத யோகி என்ற துறவியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். வடநாட்டு இசை அங்கே அவர் காதில் ஊறியது. திரும்பிய பிறகு திருத்தணி, காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று தலம் தலமாக நடந்து பாடினார். தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவருடைய மாணவர்களே.

இனி அவருடைய அரிய பணிக்கு வருவோம். அதை விளங்கிக்கொள்ள மீண்டும் ஆர்மோனியத்தின் முன் உட்காருங்கள். ஸ, ப இரண்டும் அசையாதவை. ஸ-வுக்கும் ம-வுக்கும் இடையே நான்கு கட்டைகள். அவற்றுள் ரி, க என்று இரண்டை எடுக்க ஆறு வழிகள் உண்டு. ம-வுக்கு இரண்டு இடங்கள். ப-வுக்கு மேலே நான்கு கட்டைகளில் த, நி என்று இரண்டை எடுக்க இன்னும் ஆறு வழிகள். ஆறை இரண்டால் பெருக்கி மறுபடி ஆறால் பெருக்குங்கள்: 72. இவையே தாய் இராகங்கள், மேளங்கள் எனப்படுபவை. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி இந்தக் கணக்கைப் போட்டார். ஆனால் அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவரே விளக்கியவை 19 மட்டும். மற்றவை கட்டி முடித்தும் குடிவராத வீடுகள்!

அந்தப் பரம்பரையில் 72-க்கும் பெயர் சூட்டினார்கள். முதல் வீடு கனகாம்பரி. கடைசி வீடு ரசமஞ்சரி. பெயர் வைத்தால் போதுமா? பாட்டு வேண்டாமா? அந்தப் பாட்டைக் கொடுத்தவர் தீட்சிதர். 72 மேளங்களிலும் அவர் பாடல் செய்தார் என்பது அவர் வழியினர் வழிவழியாகச் சொல்லி வருவது. அரிய இராகங்களில் அவர் செய்தவற்றுள் பல மிகச் சிறியவை. பல்லவியும் அதற்குமேல் ஒரே ஒரு பகுதியும்தான். சுரங்களை ஏணிப்படி போல ஏறி இறங்கி ஒப்பேற்றவில்லை. அந்தந்த இராகம் எங்கே நிற்கும், எங்கே வளையும், எங்கே பதுங்கும் என்று அதன் குணத்தைத் தேடிக் காட்டினார். பல பாடல்களில் இராகத்தின் பெயரையும் சொற்களுக்குள் பொருத்தி வைத்தார்.

ஐரோப்பாவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. அங்கே சுர அமைப்பு இரண்டே வகை. அவற்றை 12 கட்டைகளிலிருந்தும் தொடங்கினால் 24. ஜெர்மனியின் பாக் 1722-இல் 24-க்கும் முன்னிசை எழுதினார். போலந்தின் சொப்பன் 1839-இல் பியானோவுக்காக 24 சிறு முன்னிசைகளை வெளியிட்டார். சில ஒரு நிமிடம்கூட நீளாதவை. தீட்சிதருக்கு அவர்களைத் தெரியாது. சொப்பனுக்குத் தீட்சிதரைத் தெரியாது. ஆயினும் மூவரும் ஒன்றை நம்பினார்கள்: எந்தச் சுரக்கட்டும் மலடு அல்ல, பொறுமையோடு காது கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு.

இறுதிக் காலத்தில் தம்பி பாலுசுவாமி இருந்த எட்டயபுரத்துக்குத் தீட்சிதர் சென்றார். அங்கேயே 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் காலமானார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடக்கத் தொடங்கினார்கள்.

பாடியவர் போய்விட்டார், பாட்டு என்ன ஆனது? சில சீடர்களின் தொண்டையில் மட்டும் இருந்தது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் அவற்றைக் காத்து வந்தார். குடும்பச் சொத்தை ஊருக்குக் கொடுக்க அவர் தயங்கியபோது, விடாமல் வற்புறுத்தியவர் சின்னசுவாமி முதலியார் என்ற சென்னைக் கத்தோலிக்கர். அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு, நம் நாட்டுப் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்டு வந்தவர். எட்டயபுரம் மன்னரும் துணைநிற்க, 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூல் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 பாடல்கள் அதில் சுரத்தோடு இருக்கின்றன. அந்த நூல் இல்லையென்றால் பல வீடுகளில் விளக்கு மறுபடியும் அணைந்திருக்கும்.

வாசகர்களே, 2014 அக்டோபர் 29-ஆம் நாள் மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. லயங்களோடு உயிர்களும் மண்ணுக்குள் போயின. அந்த உயிர்களோடு எத்தனை தாலாட்டுகள், எத்தனை ஒப்பாரிகள், கொழுந்து மலையில் பாடிய எத்தனை பாட்டுகள் போயினவோ, யார் கணக்கெடுத்தார்கள்? பெரிய வித்துவான்களின் பாட்டுக்கே எழுதி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நம் பாட்டிமாரின் பாட்டுக்கு வேண்டாமா?

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள மூத்தவரின் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கேட்டு எழுதுங்கள். சிறிய பாட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள்.