மூளையைக் குளிரவைத்த மருத்துவர் ராபர்ட் ஒயிட்

விடியற்காலையில் கரைசேரும் படகை எதிர்பார்த்து நம் தாய்மார்கள் ஐஸ் பெட்டியோடு காத்திருப்பது பழவேற்காட்டுக் கரையில் நாம் அன்றாடம் காணும் காட்சி. இறாலும் மடவையும் வலையிலிருந்து இறங்கியவுடன் ஐஸில் போய்ச் சேரவேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் விலை பாதியாகும். வெயில் ஏறிவிட்டால் சரக்கே வீணாகும். குளிர் கெடுதலைத் தள்ளிப்போடும் என்பதை நமக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் மீனுக்குச் செய்வதை மனிதனின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் செய்து உயிர்களைக் காக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் டாக்டர் ராபர்ட் ஒயிட். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். பத்துப் பிள்ளைகளின் தந்தை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்கு மருத்துவ அறநெறியில் ஆலோசனை கூறியவர். அதே சமயம் உலகமே திகைத்துப்போன ஒரு சோதனையைச் செய்து கடும் கண்டனத்துக்கும் ஆளானவர். நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை இது.

இளமையும் கல்வியும்

ராபர்ட் ஒயிட் 1926 ஜனவரி 21 அன்று மின்னசோட்டா மாநிலத்திலுள்ள டுலூத் நகரில் பிறந்தார். நம்மைப்போல அவரும் ஏரிக்கரையில் பிறந்தவர்தாம். ஆனால் அது சுப்பீரியர் என்னும் பேரேரி. குளிர்காலத்தில் அதன் கரையோரம் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் போர்முனையில் அவருடைய தந்தை உயிரிழந்தார். தாயும் நெருங்கிய உறவினரான ஒரு பெண்மணியும் அவரை வளர்த்து ஆளாக்கினர். பள்ளியில் தவளையின் மண்டையோட்டை அவர் நேர்த்தியாக அறுத்துக் காட்டியதைக் கண்ட உயிரியல் ஆசிரியர், இக்கைகள் மூளை அறுவைக்கு ஏற்றவை என்று பாராட்டினாராம். ஆசிரியரின் ஒரு பாராட்டு ஒரு மாணவனின் வழியையே தீர்மானித்துவிட்டது. நம் பங்குப் பள்ளி ஆசிரியர்கள் இதை மனதில் கொள்வார்களாக!

போர்க்காலத்தில் இராணுவத்தில் பணிபுரிந்தபின், செயின்ட் தாமஸ் என்னும் கத்தோலிக்கக் கல்லூரியிலும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1953-இல் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோது அங்கே செவிலியராக இருந்த பாட்ரீசியா முர்ரே என்பவரைச் சந்தித்து மணந்தார். 1954 டிசம்பரில் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்திய மருத்துவமனையும் அதுவே. பழுதுற்ற உறுப்புக்கு மாற்று உறுப்பு என்னும் புது யுகம் அங்கே பிறந்துகொண்டிருந்தது. பின்னர் புகழ்பெற்ற மேயோ மருத்துவ நிலையத்தில் நரம்பியல் அறுவையில் தேர்ச்சி பெற்று, 1961-இல் ஓகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகருக்கு வந்து சேர்ந்தார். அங்குள்ள பொது மருத்துவமனையே கடைசிவரை அவருடைய பணிக்களமாயிற்று.

அதே காலத்தில் நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றிக்கொண்டிருந்தது. 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறையை ஏற்படுத்தினார். தலையில் அடிபட்டவர்களை நம் கரையிலிருந்து சென்னைக்குத் தூக்கிச்செல்ல ஓர் இடம் இருக்கிறதென்றால், அது இப்படிப்பட்டவர்களின் உழைப்பால் வந்ததே.

நான்கு நிமிடம் என்னும் எல்லை

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வழக்கம் அதற்கில்லை. ரத்த ஓட்டம் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை அழியத் தொடங்கும். எனவே மூளையின் ரத்தக் குழாய்களில் அறுவை செய்ய வேண்டுமாயின், மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் ஒரு பரலோக மந்திரம் சொல்லிச் செபமாலையில் ஒரு பத்துமணி முடிக்கும் நேரம்தான்.

குளிர் இந்த எல்லையை நீட்டுகிறது. மூளையின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அதன் பிராணவாயுத் தேவை நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு குறைகிறது. 1938-லேயே பிலடெல்பியா நகரில் டாக்டர் டெம்பிள் ஃபே என்பவர் நோயாளிகளைக் குளிரவைத்துச் சிகிச்சை செய்யத் துணிந்தார். 1950-களில் இருதய அறுவை மருத்துவர்களும் உடல் முழுவதையும் குளிரவைத்து அறுவை செய்தனர். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. உடல் மிகவும் குளிர்ந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம்.

டாக்டர் ஒயிட் யோசித்தார். காக்கவேண்டியது மூளையை, பின் உடல் முழுவதையும் ஏன் குளிரவைக்க வேண்டும்? மூளைக்குச் செல்லும் ரத்தத்தை மட்டும் குழாய் வழியே வெளியே எடுத்து, குளிர்விக்கும் கருவியினூடே செலுத்தி, மீண்டும் மூளைக்கே அனுப்பும் முறையை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். உடல் வெதுவெதுப்பாக இருக்க, மூளை மட்டும் ஆழ்ந்து குளிர்ந்தது. குரங்குகளின் மூளையை நெடுநேரம் குளிரில் வைத்துத் திரும்பச் சூடேற்றியபோது, மின் அலைகள் மறுபடி எழுந்தன என்பதை 1960-களில் மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டினர்.

முதுகுத் தண்டுக்கு ஒரு குளிர் நீரோட்டம்

முதுகுத் தண்டில் பலத்த அடிபட்டால் அடிபட்ட அந்த நொடியோடு கேடு முடிந்துவிடுவதில்லை. அடுத்து வரும் சில மணி நேரங்களில் தண்டு வீங்குகிறது; எலும்புக் கூட்டுக்குள் வீங்க இடமில்லாததால் நசுங்குகிறது; ரத்தம் எட்டாமல் மேலும் சாகிறது. இந்த இரண்டாவது கேட்டைத் தடுக்க முடியுமானால் கைகால் பிழைக்கலாம் அல்லவா?

மயக்க மருந்து நிபுணர் டாக்டர் மாரிஸ் ஆல்பினுடன் சேர்ந்து ஒயிட் இதில் இறங்கினார். முதுகெலும்பின் பின்புறத்தைத் திறந்து, அடிபட்ட இடத்தின்மேல் ஐஸ்போலக் குளிர்ந்த உப்புக் கரைசலைத் தொடர்ந்து ஓடவிடும் முறையை அமைத்தனர். அடிபட்டு 4 மணி நேரம் கழிந்தபின்னும், 3 மணி நேரம் இவ்வாறு குளிரவைத்த குரங்குகள் மீண்டும் நடந்தன. 1968-இல் இம்முடிவு வெளியாயிற்று. கைகால் விழுந்து படுத்த படுக்கையானோருக்கு இது பெரும் நம்பிக்கையை அளித்தது.

மனிதரிடத்தில் இம்முறை எதிர்பார்த்த அளவு நிலைபெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள் நோயாளியைக் கொண்டுவந்து, சோதித்து, முதுகைத் திறந்து குளிரவைப்பது எளிதன்று. ஆயினும் அடிபட்ட முதல் சில மணி நேரமே பொன்னான நேரம் என்ற பாடம் அன்று ஆழமாகப் பதிந்தது.

திகைக்க வைத்த சோதனை

1963-இல் ஒயிட்டின் குழுவினர் ஒரு குரங்கின் மூளையை உடலிலிருந்து முழுவதும் பிரித்தெடுத்து, ரத்தம் செலுத்தி உயிரோடு வைத்தனர். அதற்கும் மேலாக 1970 மார்ச் 14 அன்று ஒரு குரங்கின் தலையை மற்றொரு குரங்கின் உடலில் பொருத்தினர். மாற்றுகிற வேளையில் மூளையைக் காத்தது குளிரே. மயக்கம் தெளிந்த குரங்கு கண்ணால் பின்தொடர்ந்தது, கடிக்கவும் முயன்றது. ஆனால் முதுகுத் தண்டை இணைக்க வழியில்லாததால் கழுத்துக்குக் கீழே அசைவேயில்லை. நீண்ட நாள் உயிர்வாழவுமில்லை.

வாயில்லா உயிரை இப்படி வதைக்கலாமா என்று பலர் கொதித்தெழுந்தனர். உடன் மருத்துவர்களிலும் சிலர் முகம் சுளித்தனர். ஒயிட் பின்வாங்கவில்லை. கழுத்துக்குக் கீழே செயலிழந்து, மற்ற உறுப்புகளும் பழுதாகிச் சாகக் கிடக்கும் மனிதனுக்கு ஒருநாள் இது வாழ்வளிக்கும் என்று இறுதிவரை நம்பினார். மனிதனின் ஆன்மா உறைவது மூளையில்தான் என்பது அவர் எண்ணம். ஆகவே தாம் மாற்றியது தலையை அன்று, உடலையே என்றும் வாதிட்டார். எந்த மனிதருக்கும் அவர் அதைச் செய்யவில்லை.

நாம் இதை எப்படி எண்ணுவது? 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனித உயிரைக் காக்க உதவுமானால் வரம்புக்குட்பட்ட விலங்குச் சோதனையை ஏற்கிறது; தேவையின்றி விலங்கைத் துன்புறுத்துவதோ மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. முதுகுத் தண்டைக் குளிரவைத்த சோதனை எந்தப் பக்கம், 1970-இன் சோதனை எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொருவரும் மனச்சாட்சியோடு நிறுத்துப் பார்க்கலாம். நல்ல நோக்கம் ஒன்றே எல்லாச் செயலையும் நியாயமாக்கிவிடாது. ஒருவரின் தவறு அவர் செய்த நன்மையை அழித்துவிடுவதுமில்லை.

சாவு எது?

மூளை இல்லாத உடலையும் உடல் இல்லாத மூளையையும் கண்ணால் கண்டவர் ஒயிட். ஆகவே மூளையின் சாவே மனிதனின் சாவு என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. 1957-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், சாவின் நேரத்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு என மயக்க மருந்து மருத்துவர்களிடம் விளக்கியிருந்தார். 1968-இல் ஹார்வர்டு குழு மூளைச் சாவுக்கு அடையாளங்களை வகுத்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒயிட்டைப் பாப்பிறை அறிவியல் கழக உறுப்பினராக்கினார். மருத்துவ அறநெறிக்கான வத்திக்கான் குழு உருவாகவும் ஒயிட் துணைநின்றார். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மூளைச் சாவை ஏற்றது. 2008-இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஒருவனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானமாக வழங்கியது முதல், தமிழகத்தில் உறுப்புதானம் பரவலாயிற்று.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்த டாக்டர் ஒயிட், 2010 செப்டம்பர் 16 அன்று தம் 84-ஆம் வயதில் ஓகையோவில் காலமானார்.

குளிர்ச் சிகிச்சை இன்று

1999-இல் நார்வே நாட்டில் ஓர் இளம் பெண் மருத்துவர் பனி மூடிய ஓடையில் விழுந்து 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியும் பிழைத்தெழுந்தார். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளை 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் குளிரவைப்பது மேலைநாடுகளில் வழக்கமாயிற்று. ஆனால் சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் அது பலன் தரவில்லை. குளிரவைத்த குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. ஓர் ஊரில் மருந்தானது எல்லா ஊரிலும் மருந்தாகாது. குளிரும் அளவறிந்து, இடமறிந்து கையாளப்பட வேண்டிய மருந்து.

நமக்குரிய பாடம்

நம் ஏரித் தண்ணீர் நார்வேயின் பனித் தண்ணீர் அன்று. இங்கே மூழ்கியவருக்குக் குளிரின் காவல் கிடையாது. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று நம் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. மூழ்கியவரைக் கரையேற்றியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் அந்த நான்கு நிமிடத்தைப் போக்கிவிடக் கூடாது. மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவேண்டும், மார்பை அழுத்தவேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்கவேண்டும்.

அதுபோலவே, ஆழமில்லாத தண்ணீரில் தலைகுப்புறக் குதித்தோ, மரத்திலிருந்து விழுந்தோ கழுத்தில் அடிபட்டவரை இருவர் கைகாலைப் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிப்பது நம்மிடையே உள்ள வழக்கம. முறிந்த எலும்பு தண்டை அறுக்க அந்த ஒரு மடக்கே போதும். தலையும் கழுத்தும் உடலும் நேர்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து ஒரு பலகையில் கிடத்தி எடுத்துச் செல்லுங்கள். படகுப் பலகையே போதும்.

ஒயிட் என்னும் மேதை வாழ்நாளெல்லாம் கருவிகளோடு போராடித் தேடியது அந்தச் சில நிமிடங்களைத்தான். நம்மிடம் கருவி இல்லை. ஆனால் கை இருக்கிறது, அறிவு இருக்கிறது. இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குப்பத்திலும் நான்கு இளைஞராவது முதலுதவி கற்றுக்கொள்வார்களானால், நம் பங்கு ஆண்டவருக்குச் செலுத்தும் நன்றிக் காணிக்கைகளில் அதுவும் ஒன்றாகும்.