காட்டுத்தீக்கு வருஷம் குறித்தவர்: செவ்வாயை விட்டு மரத்துக்கு வந்த டக்ளஸின் கதை

அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில், 1748-ம் ஆண்டு மலை மலையாகக் காடுகள் எரிந்தன. விஞ்ஞானிகள் இதை அடித்துச் சொல்கிறார்கள். 1747-ஆ, 1749-ஆ என்ற குழப்பமே கிடையாது. அந்தக் காடுகளில் அப்போது தேதி போட்டு எழுதிவைக்க ஆளில்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

மரங்கள் சொல்லின. அந்தக் கணக்கைச் சரியாகப் படிக்க வழி செய்தவர் வனத்துறைக்காரர் அல்ல. ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் என்ற வானியலாளர்.

1867-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த டக்ளஸ், ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெரு நாடு வரை போய்த் தொலைநோக்கி நிறுவ உதவியவர். 1894-ல் பெர்சிவல் லோவெல் என்ற பாஸ்டன் பணக்காரர் அவரை அழைத்துக்கொண்டார். செவ்வாயில் தெரியும் கோடுகள் அங்குள்ள அறிவாளி உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்பது லோவெலின் உறுதியான நம்பிக்கை. அரிசோனாவில் அலைந்து, ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரை வானாய்வகத்துக்குத் தேர்ந்து கொடுத்தவர் டக்ளஸ்தான்.

ஆனால், பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் வந்தது. செயற்கை உருண்டைகளைத் தூரத்தில் வைத்துத் தொலைநோக்கியால் பார்த்தார். இல்லாத கோடுகளும் கண்ணுக்குத் தெரிந்தன! முதலாளி முடிவை முதலில் எடுத்துவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுகிறார் என்று லோவெலின் உறவினருக்கே கடிதம் எழுதினார். 1901-ல் வேலை போய்விட்டது. வயது 34.

அதன் பிறகு ஃபிளாக்ஸ்டாஃபிலேயே நீதிபதிப் பதவி, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஸ்பானிஷ் பாடம் என்று பிழைப்பு ஓடியது. மனம் மட்டும் சூரியனை விடவில்லை. சூரியனின் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அது மழையைப் பாதிக்குமானால், வறண்ட பூமியில் மழையை நம்பி வளரும் பைன் மரத்தின் ஆண்டு வளையங்களிலும் அதன் தடம் இருக்குமே? நல்ல மழை என்றால் தடித்த வளையம், வறட்சி என்றால் மெலிந்த வளையம்.

1904-ல் மர அறுவை மில்லில் கிடந்த கட்டைகளை அளக்க ஆரம்பித்தார். அளந்து அளந்து, தடிப்பும் மெலிவும் வரும் வரிசை அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் ஒரு அடிமரத்தைப் பார்த்ததும் அதை எந்த ஆண்டில் வெட்டியிருப்பார்கள் என்று சொன்னார். 1894. நிலத்துக்காரர் ஆமாம் என்றார்.

எண்ணினால் போதாதா?

போதாது. கடும் வறட்சியில் ஒரு மரம் அந்த ஆண்டு வளையமே போடாமல் விட்டுவிடும். சில சமயம் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலத் தெரியும். 500 வளையங்களை எண்ணினால் சில ஆண்டுகள் தவறுவது சாதாரணம். அதனால் டக்ளஸ் ஒரு மரத்தை மட்டும் நம்பவில்லை. பல மரங்களின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினார். ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும். 1911-ல், ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து தள்ளியிருக்கும் பிரெஸ்காட் மரங்களிலும் அதே வரிசை தெரிந்தபோது, முறை உறுதியானது. க்ராஸ் டேட்டிங் என்பது இதுதான்.

இதை வைத்துத் தொல்லியலாளர்களின் பெரிய புதிர் ஒன்றையும் அவர் தீர்த்தார். பழங்குடி மக்கள் கட்டிய புவெப்லோ போனிடோ போன்ற ஊர்களின் உத்தரங்களில் 585 ஆண்டு வரிசை கிடைத்தது. ஆனால், தெரிந்த ஆண்டுகளோடு அது ஒட்டவில்லை. நடுவில் இடைவெளி. 1929 ஜூனில் ஷோ லோ என்ற ஊரின் இடிபாட்டில் ஒரு கரிக்கட்டை அகப்பட்டது. எரிந்து கரியான மரம் மக்குவதில்லை, வளையங்கள் அப்படியே நின்றிருந்தன. 1237 முதல் 1380 வரை. இரண்டு வரிசைகளும் ஒட்டிக்கொண்டன. 1200-களின் கடைசியில் 20 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த பெரும் வறட்சியும் அதில் பதிவாகியிருந்தது.

1937-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வகம் தொடங்கினார். இடம் கிடைத்தது கால்பந்து மைதானத்தின் இருக்கைகளுக்கு அடியில்! தற்காலிகம் என்றார்கள், 2013 வரை அங்கேதான். டக்ளஸ் 1962-ல், 94 வயதில் இறந்தார். அவர் தேடிய சூரியச் சுழற்சி மட்டும் மற்றவர்கள் ஏற்கும்படி மரத்தில் கிடைக்கவே இல்லை.

கிடைத்தது நெருப்பு. தரையோடு போகும் தீ, பைன் மரத்தின் அடியைச் சுட்டுவிட்டுப் போகும், மரம் சாகாது. பட்டைக்கு அடியில் வளரும் மெல்லிய அடுக்கு ஒரு பக்கம் மட்டும் கருகும். அடுத்தடுத்த ஆண்டுகளில் புது மரம் காயத்தின் மேல் சுருண்டு மூடும். தழும்பு எந்த வளையத்தில் இருக்கிறதோ, அதுதான் தீயின் ஆண்டு. வளையத்துக்குள் எங்கே என்று பார்த்தால் பருவமும் தெரியும்.

இங்கேதான் ஒரு ஆண்டுகூடப் பிசகாத கணக்கு தேவைப்படுகிறது. ஒரு மலையில் மட்டும் தழும்பு இருந்தால் அங்கே ஏதோ இடி விழுந்திருக்கலாம். பல மலைகளில் ஒரே ஆண்டில் இருந்தால், காரணம் வானிலை. டக்ளஸ் தொடங்கிய ஆய்வகத்தில் தாமஸ் ஸ்வெட்னம் குழுவினர் இப்படிப் பொருத்தியதில் 1748 தனித்து நின்றது. முந்தைய ஆண்டு 1747 நல்ல மழை, புல் மண்டியது. மறு ஆண்டு வறட்சி, எல்லாம் எரிந்தது. எல் நினோ, லா நினா மாறி மாறி வருவதோடு இதற்குத் தொடர்பிருப்பதை 1990-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு தீ வந்து சருகையும் கன்றுகளையும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. 1880-களுக்குப் பிறகான வளையங்களில் தழும்புகள் அநேகமாக இல்லை. ரயில் வந்தது, ஆடு மாடுகள் புல்லை மேய்ந்தன, பிறகு அரசு தீயை அணைக்க ஆரம்பித்தது. காடு நெருக்கமானது.

2002 ஜூனில், மனிதர்கள் மூட்டிய இரண்டு தீ ஒன்று சேர்ந்து அரிசோனாவில் 4.6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஊரைக் காலி செய்து ஓடியவர்களில் ஷோ லோ மக்களும் உண்டு. டக்ளஸுக்குக் கரிக்கட்டை கிடைத்த அதே ஷோ லோ.