பழங்குடி வாழ்க்கை வளமா, வறுமையா? வெரியர் எல்வின் கண்டது என்ன?

கிறிஸ்தவ ஊழியத்துக்காக இந்தியா வந்த ஆங்கிலேயர் ஒருவர், பழங்குடிகளை அவங்க போக்கிலேயே வளர விடுங்கள் என்று நேரு அரசுக்கே ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்தார். அவர்தான் வெரியர் எல்வின்.

1902-ல் இங்கிலாந்தின் டோவரில் பிறந்தவர். அப்பா பிஷப், படிப்பு ஆக்ஸ்ஃபோர்டில். 1927-ல் புனே வந்தவர் காந்தியிடம் ஈர்க்கப்பட்டார். 1932-ல் நண்பர் ஷாம்ராவ் ஹிவாலேயுடன் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மலைக்கிராமம் ஒன்றில் குடியேறினார். பள்ளி, மருந்தகம், தொழுநோயாளிகள் இல்லம் எல்லாம் நடத்தினார். ஆனா மதம் மாற்றும் வேலையில் மனம் ஒட்டவில்லை. சர்ச்சை விட்டே விலகிவிட்டார்.

அங்கேதான் பைகா மக்களின் 'பேவர்' விவசாயத்தைப் பார்த்தார். மலைச்சரிவில் மரங்களை வெட்டிக் காயவிட்டு, மழைக்கு முன் எரிப்பார்கள். அந்தச் சாம்பலில் வரகு, சாமை, பயறு வகைகளை ஒன்றாகக் கலந்து தூவுவார்கள். ஏர் கிடையாது. பூமித்தாயின் மார்பைக் கிழிக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. சில வருஷத்தில் வேறு இடம் போய்விடுவார்கள். பழைய இடத்தில் காடு திரும்ப வளரும். ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

இதற்கு நிறைய இடம் வேணும். சிக்கலே அங்கேதான். சால் மரங்கள் மீது கண் வைத்த பிரிட்டிஷ் வனத்துறை, பேவரைக் காட்டை அழிக்கும் பழக்கம் என்று முத்திரை குத்தித் தடுத்தது. 1890-ல் 'பைகா சாக்' என்ற சின்னப் பகுதிக்குள் மட்டும் அனுமதி. நிலம் சுருங்கினால் காடு மீள அவகாசம் ஏது? வேட்டைக்கும் தடை. வட்டிக்காரர்களும் உள்ளே வந்தார்கள். பைகாக்களின் வறுமை பரம்பரைச் சொத்தல்ல, பறித்ததன் விளைவு என்பதே 1939-ல் வந்த எல்வினின் 'தி பைகா' நூலின் வாதம்.

அதற்காக எல்லாமே சொர்க்கம் என்று அவர் நினைக்கவில்லை. நோயையும் பசியையும் தினமும் பார்த்தவர். ஆனா பைகாக்களுக்குத் தனிப் பாதுகாப்புப் பகுதி வேண்டும் என்று அதே நூலில் எழுதியது பெரிய வம்பாகிவிட்டது. மனிதர்களைக் காட்சிப்பொருளாக்குகிறாரா என்று கேட்டார்கள். சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யே 1943-ல் நேரடியாகவே எதிர்த்து எழுதினார். விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. எல்வினும் பிறகு அந்த யோசனையைக் கைவிட்டார்.

சங்கடமான பக்கமும் உண்டு. 1940-ல் இளம் கோண்ட் பெண் ஒருவரை மணந்தார், 1949-ல் விவாகரத்து. அந்தப் பெண் பிற்காலத்தில் வறுமையில்தான் வாழ்ந்தார்.

1954-ல் இந்தியக் குடியுரிமை பெற்ற எல்வின், இன்றைய அருணாச்சலப் பிரதேசமான நேஃபா பகுதியின் பழங்குடி விவகார ஆலோசகரானார். மருத்துவமனை வேண்டும், சாலை வேண்டும், ஆனா நிலமும் காடும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும்; வெளியாட்கள் குவியக் கூடாது. 1957-ல் எழுதிய 'எ ஃபிலாஸஃபி ஃபார் நேஃபா' நூலின் சாரம் இதுதான். அங்குள்ள 'ஜூம்' சாகுபடியையும் ஒரேயடியாகத் தடை செய்யாமல் மேம்படுத்தச் சொன்னார்.

1964-ல் டெல்லியில் இறந்தார். பைகா சாக் கிராமங்கள் சிலவற்றுக்கு வன உரிமைச் சட்டத்தின் கீழ் வாழ்விட உரிமை கிடைத்தது 2015-ல்தான்.