தேடி வந்தார், தேடிப் போனார்



தெருமுனையிலே கூட்டம் சேர்ந்து கெட்டுப்போகிற பையன்களைப் பற்றி நாம் எவ்வளவோ குறை சொல்லுகிறோம். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போன ஒரு தேவமனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள்.

டி.எல். மூடி 1837-ல் அமெரிக்காவின் நார்த்ஃபீல்டு கிராமத்தில் பிறந்தார். நாலு வயதிலே தகப்பனார் மரித்துப்போனார். ஒன்பது பிள்ளைகளோடு தாய் தவித்தார். கடன்காரர்கள் வீட்டிலிருந்த விறகைக்கூட விட்டுவைக்கவில்லை. 17 வயதில் மூடி பாஸ்டன் நகரத்துக்குப் போய், தாய்மாமன் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலயத்துக்குப் போகணும் என்பது மாமா போட்ட நிபந்தனை. கடமைக்குப் போய் உட்கார்ந்து வந்தார்.

அங்கே ஞாயிறு பள்ளி ஆசிரியராய் இருந்தவர் எட்வர்ட் கிம்பால். இந்தப் பையனுக்காக அவருக்குள் ஒரு பாரம். 1855 ஏப்ரல் 21-ம் தேதி கடைக்கே புறப்பட்டார். தயக்கத்திலே கடையைத் தாண்டிப் போய்விட்டார்! ஆனாலும் திரும்பி வந்தார். உள்ளே செருப்புகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த மூடியின் தோளில் கை வைத்து, கிறிஸ்துவின் அன்பைச் சொன்னார். அங்கேயே மூடி இரட்சிக்கப்பட்டார்.

1856-ல் மூடி சிக்காகோவுக்குப் போனார். ஒரு ஞாயிறு பள்ளியில் வகுப்பு நடத்தக் கேட்டபோது, பிள்ளைகளை நீரே கூட்டிவாரும் என்றார்கள். அடுத்த வாரம் கந்தைத் துணியோடு 18 தெருப் பையன்களைக் கூட்டிவந்து நின்றார்! பிறகு, சின்ன நரகம் என்று பேர்பெற்ற பகுதியிலே இறங்கினார். குடியும் சூதாட்டமும் சண்டையும்தான் அங்கே பையன்களுக்குப் பள்ளிக்கூடம். சிவப்புக் கண், கிழவன் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர்கள். மூடி பாக்கெட் நிறைய மிட்டாயோடு போவார். தன் மட்டக்குதிரையிலே சவாரி ஏற்றுவார். ஞாயிறு தவறாமல் வந்தால் கிறிஸ்துமஸுக்குப் புது உடுப்பு என்று 14 பையன்களுக்கு வாக்குக் கொடுத்தார். 13 பேர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் தெருவை மிரட்டினவர்களுக்கு, மூடியின் மெய்க்காவலர் என்று பேராகிவிட்டது.

சனி இரவு நடனம் நடந்த மண்டபத்தை ஞாயிறு காலையில் தானே கூட்டிப் பெருக்கிப் பள்ளி நடத்தினார். 1860-ல் ஜனாதிபதியாய்த் தெரிந்துகொள்ளப்பட்ட லிங்கன் அந்தப் பள்ளிக்கு வந்து பார்த்தார். அதே வருஷம் மூடி நல்ல வருமானத்தை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். 1864-ல் அந்தப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கொண்டு ஒரு சபை எழும்பிற்று. பின்பு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திரளான ஜனங்களுக்குப் பிரசங்கித்து, 1899 டிசம்பர் 22-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அன்பானவர்களே, கிம்பால் அன்றைக்குத் திரும்பி வராமல் போயிருந்தால்? கெட்ட கூட்டத்துக்காரன் நம்ம பிள்ளைகளைத் தேடி வருகிறான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், டீ வாங்கித் தருகிறான், நீ எங்க ஆளு என்கிறான். வீட்டிலே கேட்க ஆளில்லாத பையனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். நாமோ ஆலயத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் வரலையே என்கிறோம். காணாமற்போன ஆட்டுக்காக மேய்ப்பன் தொழுவத்திலே உட்கார்ந்திருக்கவில்லை, புறப்பட்டுப் போனான்.

இந்த வாரம் உங்கள் தெருவில் ஒரு பையனுடைய பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பேரைச் சொல்லி முழங்காலில் நில்லுங்கள். பிறகு எழுந்து, அவனிடத்திற்குப் போங்கள். கர்த்தர் உங்களோடே வருவார். ஆமென்.