திருச்சுழிக்காரர் கையில் வந்த கட்டி

அருப்புக்கோட்டையில பஸ் ஏறினா, கரிசல் காட்டைத் தாண்டித் திருச்சுழி வரும். 1879 டிசம்பர் 30-ல் அங்க பிறந்த வெங்கட்ராமனை உங்களுக்குத் தெரியும்: ரமண மகரிஷி. 1896-ல், 16 வயசில், மதுரையிலிருந்து திருவண்ணாமலை போனவர் பிறகு ஊர் திரும்பவே இல்லை.

1949-ல் இடது முழங்கைப் பக்கம் இருந்த சின்னக் கட்டியை எடுத்தாங்க. மறுபடி வளர்ந்தது. சார்கோமா. நாலு அறுவை சிகிச்சை, ரேடியமும் வச்சுப் பார்த்தாங்க. கையையே எடுத்துடலாம்னு டாக்டர்கள் சொன்னப்ப மறுத்துட்டார். 1950 ஏப்ரல் 14-ல் காலமானார்.

அப்போ மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்லோட வடிவத்தை வச்சுத்தான் முடிவு சொன்னாங்க. இன்னைக்குக் கட்டியில எந்தப் புரதம் இருக்குன்னு ஆன்டிபாடி ஒட்டிக் காட்டுது. சார்கோமா எந்த வகைன்னு பிரிக்க அது உதவுது. ஆனா அந்த ஆன்டிபாடி வேற புரதத்திலயும் ஒட்டினா, நோயோட பேரே மாறிடும். அடுத்த தடவை லேபில் கன்ட்ரோல் ஸ்லைடை விட்டுடலாம்னு தோணினா, அந்தக் கையை நினைச்சுக்கோங்க.