நியூயார்க்கில் ஒரு மாணவர்: அம்பேத்கர் படித்ததும் இன்று தடுக்கப்படுவதும்

1913 சூலையில் நியூயார்க் நகரில் வந்திறங்கியபோது அம்பேத்கருக்கு வயது 22. தந்தை ராம்ஜி சக்பால் மறைந்து ஆறு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. மனைவி ரமாபாயும் கைக்குழந்தையும் பம்பாயில் இருந்தனர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மூன்றாண்டுகளுக்கு அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையே அவருக்கு ஆதாரம். படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை.

அம்பேத்கரைச் சட்டமேதையாகவே நினைவுகூரும் நாம், அயல்நகரில் சிக்கனமாக வாழ்ந்த அந்த மாணவரை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவருடன் ஓர் அறையைப் பகிர்ந்து அவர் வாழ்ந்தார். பள்ளியில் தனியே சாக்குத்துணியில் அமர்த்தப்பட்டவருக்கு, உடன் உறங்குபவர் சாதி பாராத அந்த அறை புதிய உலகமாக இருந்தது. மேலைநாடுகளில் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே தம் மனத்திலிருந்து அகற்றிவிட்டன என்று பிற்காலத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஆயினும் நியூயார்க் சமத்துவம் நிலவிய நகரமன்று. பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஹார்லெம், நிறவெறியை அன்றாடம் எதிர்கொண்ட கறுப்பின மக்களின் பெருங்குடியிருப்பாக அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. பின்னர் 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்சுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். இரு மக்களின் நிலையையும் ஒப்பிட்டு நோக்கும் பார்வை அவரிடம் நிலைத்திருந்ததை இது காட்டுகிறது.

கிடைத்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. பொருளியலில் 29 பாடங்களும் வரலாற்றில் 11 பாடங்களும் பயின்றார். சமூகவியல், மெய்யியல், மானுடவியல் வகுப்புகளிலும் அமர்ந்தார். செலிக்மன், ஜான் டூயி ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள். பண்டைய இந்திய வணிகம் குறித்த ஆய்வுக்கு 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் குறித்த கட்டுரையை வாசித்தார். அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்பதையும், அதைக் காக்கவே உடன்கட்டை, கைம்மை, குழந்தைமணம் ஆகியவை பெண்கள்மீது சுமத்தப்பட்டன என்பதையும் 25 வயது மாணவர் அங்கே நிறுவினார்.

அங்கிருந்து இலண்டன் சென்றவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். அவருக்கு வீடு கொடுக்க அந்நகரில் ஆளில்லை. தம் அடையாளத்தை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய பார்சிகள் வந்து சூழ்ந்து அவரை வெளியேற்றினர். அன்றிரவு பம்பாய்க்கு இரயில் ஏறும்வரை பொதுப்பூங்காவில் அமர்ந்து காத்திருந்தார்.

நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவரும் பார்சியே. பரோடாவில் விரட்டியவர்களும் பார்சிகளே. தனிமனிதரின் நல்லியல்பு மட்டுமே சாதியை வெல்லாது என்பதையும், சுற்றியுள்ள சமூக அமைப்பே மனிதரின் நடத்தையை வடிவமைக்கிறது என்பதையும் இதிலிருந்து நாம் உணர்கிறோம். அதே பத்தேனாதான் பின்னர் 5000 ரூபாய் கடன் கொடுத்தார். தம் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, இக்கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்ற அம்பேத்கர், ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

இவ்வரலாற்றை நாம் இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெறுவதற்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை குறித்த ஆய்வுகளுக்கு உதவியில்லை என 2022-இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. இந்தியாவை ஆராய அயல்நாடு செல்லத் தேவையில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

இவ்விதியின்படி பார்த்தால், பண்டைய இந்திய வணிகமும் சாதிகளின் தோற்றமும் ஆய்வுக்கு உதவி பெறத் தகாத பொருள்கள். தங்க அறைகூடத் தராத மண்ணிலிருந்து விலகி நின்று, பிற சமூகங்களோடு ஒப்பிட்டுச் சாதியை ஆராயும் வாய்ப்பை ஒரு மன்னராட்சியின் உதவித்தொகை அன்று அம்பேத்கருக்கு அளித்தது. அவர் வரைந்த அரசமைப்பின்கீழ் இயங்கும் அரசு, அவருக்குப் பின்வரும் மாணவர்களுக்கு அதை மறுக்கிறது. இக்கட்டுப்பாட்டை முற்றாக நீக்கும்படி மாணவர் அமைப்புகள் வலியுறுத்த வேண்டும்.