கணிதமேதை இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 2017-ஆம் ஆண்டு கணிதப் பூங்கா ஒன்று திறக்கப்பெற்றது. அது தாங்கி நிற்பது சீனிவாச இராமானுஜன் திருப்பெயர். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 1729 என்னும் வாடகை வண்டி எண்ணின் கதையை நம் வீட்டுச் சிறுவரும் ஒப்புவிப்பர். ஆதலின் அதனை விடுத்து, அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்த எண்களைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். கணிதம் ஒன்றிலேயே மனந்தோய்ந்தமையால் ஏனைய பாடங்களில் தவறி, குடந்தைக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் விடுத்தார், 1914-ல் கப்பலேறினார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று மிகு பகு எண்கள். பெயர் அச்சுறுத்தினும் பொருள் எளிது. திருமலையிலிருந்து 12 லட்டு வந்ததென்க. 2, 3, 4, 6 பேருக்கு உடைக்காமற் பங்கிடலாம். ஒருவருக்கே கொடுப்பதையும், 12 பேருக்கு ஆளுக்கொன்றாய் அளிப்பதையும் சேர்த்தால் 12-க்கு வகுத்திகள் ஆறு. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை இல்லை. 13 லட்டு வந்தாலோ வீட்டிற் பூசல்தான்! இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் யாவற்றையும் வகுத்திகளின் தொகையால் விஞ்சுவதே மிகு பகு எண். 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வினமே. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாக்கியதை நினைவுகூர்க.

1915-ல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் இவ்வெண்களின் நெடும் பட்டியலை அவர் அளித்தார். கணிப்பொறி தோன்றாத காலம் அது. பட்டியலின் இறுதியில் நிற்பது 67,46,32,83,88,800. இதன் பகாக் காரணிகளுள் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு முறைத்தொகையோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை 10,080 எனத் தெரியும். பகா எண் பெரிதாகுந்தோறும் அது வரும் முறை கூடாது என்னும் ஒழுங்கு, மிகு பகு எண்கள் அனைத்திற்கும் உரியதென அவர் நிறுவினார்.

அப்பட்டியலில் ஓரெண் மட்டும் விடுபட்டது. அது 2,93,31,86,25,600, வகுத்திகள் 5,040. அதனை 23-ஆற் பெருக்கினால் மேற்கூறிய இறுதியெண்ணே வருவது வியப்பு! பிள்ளைகள் கணக்கில் ஒரு வரியை விட்டு வரும் நாளில் சினக்கும் தந்தையர் இதனை அறிதல் நன்று.

எஃப்.ஏ. தேறாத அவருக்கு இவ்வாய்வை முன்னிட்டே 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது. 1918-ல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்று 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில் 32-ஆம் வயதில் மறைந்தார். கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி, 1997-ல்தான் உலகிற்கு முழுமையாய்க் கிடைத்தது.